சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் கன்டெய்னர்: முதல் முறை அனுப்புபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

லாரியில் அனுப்பிப் பழகிய சரக்கை முதல் முறையாக ரயிலுக்கு மாற்றுகிறவர்களோடு பல வருடங்களாக வேலை செய்து வருகிறேன். ரயில் ஓடும் 2,200 கிலோமீட்டரில் அவர்களுக்குப் பெரிய சிக்கல் எதுவும் வருவதில்லை. பணம் கரைவதெல்லாம் இரண்டு முனைகளில்தான். தொழிற்சாலைக்கும் டெர்மினலுக்கும் நடுவில், டெர்மினலுக்கும் வாங்குபவர் குடோனுக்கும் நடுவில், அப்புறம் பெட்டி சும்மா நிற்கும் நாட்களில். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும்: டெல்லியில் தொடங்கிச் சென்னைக்கு வருகிறோம்.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை. 25 கிலோ மூட்டைகளில் 18 டன் சோள ஸ்டார்ச், ஆக 720 மூட்டை. வாங்குபவர் டெல்லிப் பக்கம் இருக்கிறார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாங்குபவரின் பின்கோடோடு கூடிய முழு முகவரி, ஜி.எஸ்.டி. எண், சரக்கின் எச்.எஸ்.என். குறியீடு, ஒரு மூட்டையின் எடையும் அளவும், மாதத்துக்கு எத்தனை பெட்டி என்ற கணக்கு. ரசாயனமோ தூளோ என்றால் எம்.எஸ்.டி.எஸ். தாளும் (சரக்கின் ஆபத்து, பாதுகாப்பு விவரங்கள் உள்ள தாள்) வேண்டும். இவை இல்லாமல் ரேட் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மனதில் வைத்து விலை சொல்வார்கள். அப்புறம் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

இன்னொன்று: வாங்குபவர் குடோன் வாசலின் ஒரு புகைப்படம். எதற்கு என்பது அடுத்த பகுதியிலேயே வருகிறது.

1. டெல்லி முனையை முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் "டெல்லிக்கு என்ன ரேட்?" என்று கேட்கிறார்கள். கன்டெய்னர் ரயிலுக்கு டெல்லி என்று ஒரே இடம் கிடையாது. துக்ளகாபாத், ஓக்லா, தாத்ரி என்று டெர்மினல்கள் தனித்தனியாக இருக்கின்றன. வாங்குபவர் ஃபரீதாபாத்தில் இருந்தால் துக்ளகாபாத் பக்கம் வசதி. நொய்டா, காஜியாபாத் என்றால் தாத்ரி. பவானாவில் இருந்தால் இவை எல்லாமே ஊருக்கு மறுகோடி. ரயில் கட்டணத்தில் மிச்சம் பிடித்த பணம் அந்தக் கடைசி நாற்பது கிலோமீட்டர் டிரெய்லர் வாடகையில் போய்விடும்.

அடுத்து, பெட்டி வாசல் வரை போகுமா என்று பாருங்கள். 40 அடி டிரெய்லர் திரும்ப நல்ல அகலமான சாலை வேண்டும். புகைப்படத்தில் சந்து தெரிந்தால், டெர்மினலிலேயே சரக்கை இறக்கிச் சின்ன லாரிகளில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஏற்றுகூலி, இறக்குகூலி, ஒரு நாள் எல்லாம் தனி.

மூன்றாவதாக நேரம். டெல்லிக்குள் பகலில் கனரக வண்டிகளுக்கு நுழைவுத் தடை இருப்பதால் பெட்டி பெரும்பாலும் இரவில்தான் போய்ச் சேரும். இரவில் இறக்க வாங்குபவரிடம் ஆள் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் காற்று மாசு மோசமானால் டீசல் லாரிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் வரும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயிலும் தாமதமாகும். நவம்பர் முதல் ஜனவரி வரை அனுப்புவதாக இருந்தால், வாங்குபவரிடம் சொல்லும் தேதியில் மூன்று நான்கு நாள் கூட்டியே சொல்லுங்கள்.

2. பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்

20 அடிப் பெட்டியின் உட்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர், 40 அடியில் சுமார் 67. ஆனால் இரண்டுக்கும் மொத்த எடை உச்சவரம்பு பெரும்பாலும் ஒன்றுதான்: பெட்டியையும் சேர்த்து 30.48 டன். பெட்டி இரு மடங்கு நீளம், தூக்கும் எடை அதேதான்.

ரயிலில் ஒரு 40 அடி, இரண்டு 20 அடிகளின் இடத்தைப் பிடிக்கும். ஒரு வேகனில் இரண்டு 20 அடி அல்லது ஒரு 40 அடி. 45 வேகன் கொண்ட முழு ரேக்கில் (ஒரே ரயிலாக ஓடும் வேகன் தொகுப்பில்) 90 இருபது அடிப் பெட்டிகள். அதனால் கனமான சரக்கை 40 அடியில் ஏற்றினால் இரண்டு இடத்துக்குப் பணம் கட்டி ஒரு இடத்தின் எடையைத்தான் அனுப்புகிறீர்கள். கிரானைட், காகிதம், மூட்டைச் சரக்குக்கு 20 அடி. பஞ்சு, பிளாஸ்டிக் சாமான், அட்டைப்பெட்டி மாதிரி இடம் அடைக்கும் சரக்குக்கு 40 அடி.

நம் ஸ்டார்ச் 18 டன். எடையைப் பார்த்தால் 20 அடியில் இன்னும் ஏற்றலாம் போலத் தோன்றும். ஆனால் ஸ்டார்ச் இலேசான தூள், 18 டன்னிலேயே பெட்டி கூரை வரை நிறைந்துவிடும். எடையை மட்டும் பார்த்து 22 டன்னுக்கு ஆர்டர் வாங்கிவிட்டு, மிச்ச மூட்டைகளைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மூட்டையை நிரப்பி, படுக்கவைத்து, டேப் வைத்து அளந்து, 720 ஆல் பெருக்குங்கள். பத்து நிமிட வேலை.

3. ரேட் கேட்கும் முறை

ரயில்வேயின் கீழ் உள்ள கன்டெய்னர் நிறுவனமான கான்காரும், 2006 முதல் அனுமதிக்கப்பட்ட தனியார் கன்டெய்னர் ரயில் ஆபரேட்டர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். "வாசலிலிருந்து வாசலுக்கு" என்று கேட்டு, தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: காலிப் பெட்டி கொண்டுவருவது, சென்னை டிரெய்லர், சென்னை டெர்மினல் கையாளுதல், ரயில் கட்டணம், டெல்லி டெர்மினல் கையாளுதல், டெல்லி டிரெய்லர், காலிப் பெட்டி திருப்புவது.

பிரித்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் மலிவாகத் தெரியும் ரேட்டில் இந்த ஏழில் ஒன்று விட்டுப்போயிருக்கும். பெரும்பாலும் விட்டுப்போவது காலிப் பெட்டி திருப்பும் செலவு. சரக்கு இறங்கிய பிறகுதான் அது பில்லில் வரும்.

எடை ஸ்லாபைத் தனியாகக் கேளுங்கள். ரயில் கட்டணம் எடைப் படிகளாக ஏறும். ஒரு படியைத் தாண்டினால் முழுப் பெட்டிக்கும் அடுத்த படியின் ரேட். படிகள் எங்கே தொடங்குகின்றன, அது சரக்கு எடையா பெட்டியும் சேர்ந்த எடையா என்று எழுத்தில் வாங்குங்கள். நம் 18 டன்னோடு பெட்டியின் 2.3 டன்னைச் சேர்த்தால் 20.3 டன். ஒரு பேச்சுக்கு, படி 20 டன்னில் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மூட்டை குறைத்தால் 300 கிலோ குறைந்து கீழ்ப் படிக்கு வந்துவிடும். சாக்கின் எடையையும் மறக்காதீர்கள். ஒரு சாக்கு 100 கிராம் என்றால் 720 சாக்கு 72 கிலோ.

இலவச நாட்களையும் இங்கேயே பேசிவிடுங்கள். டெர்மினலில் பெட்டி நிற்க எத்தனை நாள் இலவசம், அதன் பிறகு கிரவுண்ட் ரென்ட் எவ்வளவு, பெட்டியை வைத்திருக்க எத்தனை நாள், அதன் பிறகு டிடென்ஷன் எவ்வளவு. இரண்டும் வேறு வேறு மீட்டர், ஒன்றாகவும் ஓடும். ஜி.எஸ்.டி. எந்த விகிதம், அதில் உள்ளீட்டு வரி வரவு கிடைக்குமா என்பதை உங்கள் கணக்காளரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். விகிதத்தைப் பொறுத்து இரண்டு ரேட்டுகளின் வரிசையே மாறிப்போகும்.

4. சரக்குத் தாளும் இன்சூரன்ஸும்

தூள், திரவம், பேட்டரி, பெயின்ட் எதுவானாலும் ஆபத்தில்லாத சரக்கு என்பதற்கான எம்.எஸ்.டி.எஸ். தாளைப் புக்கிங்குக்கு முன்பே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். ஆபத்தான சரக்குக்கு ரயில்வேயின் ரெட் டேரிஃப் விதிகள் தனி. கேட்டில் நின்றுகொண்டு இதைப் பேசக்கூடாது.

இன்சூரன்ஸ் பாலிசியில் "சாலை" மட்டும் எழுதியிருந்தால் ரயிலும் சாலையும் என்று மாற்றுங்கள். லாரி காலத்து பாலிசியை அப்படியே வைத்திருப்பவர்கள் நிறைய. உள்நாட்டுப் போக்குவரத்து பாலிசிகளில் ரயில் சரக்குக்கான பாதுகாப்பு, போய்ச் சேரும் நிலையத்தில் வேகன் வந்த பிறகு பொதுவாக 7 நாளில் முடிந்துவிடும். வாங்குபவர் தாமதமாக எடுப்பார் என்று தெரிந்தால் நீட்டிப்பு கேட்டு வையுங்கள்.

5. புக்கிங்: ரேக் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

"ரயில் எத்தனை நாளில் போகும்?" என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. ஓட்ட நாட்களைச் சொல்லிவிடுவார்கள். ரேக் நிறையும்வரை பெட்டி சென்னையின் தண்டையார்பேட்டை டெர்மினலில் காத்திருக்கும் நாட்கள் அதில் வராது. "வாரத்துக்கு எத்தனை ரேக், அடுத்தது எந்தத் தேதி, கேட்-இன் கடைசி நேரம் என்ன, போன மாதம் கேட்-இன்னிலிருந்து டெலிவரி வரை சராசரியாக எத்தனை நாள் ஆனது?" என்று கேளுங்கள்.

அந்தத் தேதியிலிருந்து பின்னால் வாருங்கள். ரேக் வெள்ளிக்கிழமை என்றால் கேட்-இன் (பெட்டி டெர்மினலுக்குள் நுழைவது) புதன்கிழமைக்குள், ஸ்டஃபிங் (பெட்டியில் சரக்கை அடுக்குவது) செவ்வாய், காலிப் பெட்டி திங்கள் மாலை. ஒரு நாள் உபரியாக இருப்பது நல்லது. எண்ணூர், மணலிப் பக்கம் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும் நாட்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். ரொம்ப முன்னால் அனுப்பினாலும் தப்பு, கிரவுண்ட் ரென்ட் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும்.

6. காலிப் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமான அரை மணி நேரம் இதுதான். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், டிரெய்லர் டிரைவர் அவசரப்படுத்துவார் என்பதற்காக.

பெட்டிக்குள் ஏறுங்கள். வெளியே ஒருவரை நிறுத்தி இரண்டு கதவையும் மூடச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வரும். கதவின் கீழ் ரப்பரை ஒட்டி நீளக் கோடாக வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது. வெளிச்சமே இல்லை, ஆனால் சுவரில் மேலிருந்து கீழே பழுப்புத் தாரை இருக்கிறது என்றால், எங்கேயோ கசிந்து அடைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

கதவு மூடியிருக்கும்போதே மூச்சை இழுத்துப் பாருங்கள். கதவு திறந்தால் வாசனை ஓடிவிடும். ஒரு முறை தரை சுத்தமாக இருந்தது, பெருக்கி வைத்திருந்தார்கள், ஆனால் உள்ளே மூடியதும் மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. பலகை இடுக்கில் விரலை விட்டால் சிவப்பாகத் தூள் ஒட்டியது. உணவுப்பொருளான ஸ்டார்ச்சை அதில் ஏற்றியிருந்தால் 720 மூட்டையும் திரும்பி வந்திருக்கும். பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பி வேறு பெட்டி வாங்கினோம், ஒரு நாள் போனது.

தரைப் பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, நான்கு மூலை வார்ப்புகளும் சரியா, கதவுக் கம்பிகள் நன்றாக விழுகின்றனவா என்றும் பாருங்கள். மூலை வார்ப்பைப் பிடித்துத்தான் பெட்டியைத் தூக்குகிறார்கள், வேகனில் பூட்டுவதும் அதில்தான். ஏற்கனவே உள்ள நசுங்கல்களைப் புகைப்படம் எடுத்து, பெட்டி பெற்றுக்கொண்ட சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

7. ஸ்டஃபிங்

லாரியில் சரக்கு குலுங்கும். ரயிலில் குலுக்கல் குறைவு. பிரேக் போடும்போதும் ஷன்டிங்கில் வேகன்கள் மோதும்போதும் முன்னும் பின்னுமாகத் தள்ளும். அதனால் கதவுப் பக்கத்தில் ஓர் அங்குல இடைவெளிகூட இல்லாமல் முடிக்க வேண்டும். இடைவெளி வந்தால் காற்றுப்பையோ மரச்சட்டமோ வைத்து அடையுங்கள். கடைசி இரண்டு வரிசை மூட்டைகளைச் செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்கி, கயிறோ பட்டையோ போட்டுக் கட்டுங்கள். டெல்லியில் கதவைத் திறப்பவர் மேல் மூட்டை சரிந்து விழாமல் இருப்பது அந்தக் கட்டில்தான் இருக்கிறது. அங்கே இறக்க வரும் லோடுமேனுக்கு உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறோம் என்று தெரியாது.

எடை நீளவாக்கில் சமமாக இருக்கட்டும். பெட்டியின் ஒரு பாதியில் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 720 மூட்டையும் ஒரே சரக்கு என்றால் பிரச்சினை இல்லை. கனமான இயந்திரமும் இலேசான பெட்டிகளும் கலந்து போகும்போதுதான், கனமானதை முதலில் உள்ளே தள்ளிவிட்டு முன்பக்கம் இழுக்கும் பெட்டியைச் செய்துவிடுகிறார்கள்.

ஈரம் தனி எதிரி. சென்னையின் புழுக்கக் காற்றை உள்ளே வைத்துப் பூட்டி, டிசம்பர் டெல்லிக் குளிரில் கொண்டுபோய் நிறுத்தினால் கூரையின் உட்பக்கம் வியர்த்துச் சொட்டும். கூரையில் ஓட்டை இல்லாமலேயே மேல் வரிசை நனைவது இப்படித்தான். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, மேல் வரிசைக்கு மேல் கிராஃப்ட் தாள் விரியுங்கள். பச்சை மரப் பலகையைப் பெட்டிக்குள் விடாதீர்கள், அதுவே தண்ணீரைக் கொண்டுவருகிறது. மழை பெய்யும்போது கதவு திறந்திருந்தால் ஸ்டஃபிங்கை நிறுத்துங்கள்.

கால் பங்கு, அரை, முக்கால், முழுவதும் என நான்கு கட்டத்தில் புகைப்படம் எடுங்கள். எண்ணிக்கைத் தகராறு வந்தால் இவைதான் பேசும்.

8. சீல், எண், எடை

கதவை மூடியதும் பாட்டில் சீலை நீங்களே போடுங்கள். டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். சீல் எண்ணும் பெட்டி எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு புகைப்படம்.

பெட்டி எண்ணில் 4 எழுத்து, 7 இலக்கம்; கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் எண். கையால் எழுதாமல் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். ஒரு இலக்கம் மாறினால் டெர்மினல் கணினியில் உங்கள் பெட்டியே இருக்காது.

அப்புறம் எடை மேடை. ரயிலுக்குச் சரியான எடை சாலைக்கும் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். டிரெய்லரின் அச்சு எண்ணிக்கையைப் பொறுத்து அனுமதி எடை மாறும். 28, 30 டன் பெட்டிக்கு எத்தனை அச்சு வண்டி வருகிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எடையைக் குறைத்துக் காட்டுவது எந்தக் காலத்திலும் வேண்டாம். அபராதத்தை விடுங்கள், பெட்டியைத் தூக்கும் ரீச் ஸ்டேக்கர் ஓட்டுநர் அந்தச் சீட்டில் உள்ள எண்ணை நம்பித்தான் தூக்குகிறார்.

9. இ-வே பில்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். லாரியில் ஒரே வண்டி எண், ஒரே பயணம். இங்கே சாலை, ரயில், மறுபடி சாலை என மூன்று துண்டு, ஆனால் இ-வே பில் ஒன்றுதான். பகுதி அ (சரக்கு, பில் விவரம்) ஒரு முறை; பகுதி ஆ (வண்டி விவரம்) ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

செல்லுபடிக் காலம் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். டெல்லிக்கு 2,200 கிலோமீட்டர் என்றால் 11 நாள். பகுதி ஆ முதலில் நிரப்பப்பட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். ரேக்குக்காக 4 நாள், ஓட்டம் 5 நாள், டெல்லியில் 2 நாள் என்று போனால் பதினொன்றும் தீர்ந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி மாதிரி, அதே மாநிலத்தில் டிரான்ஸ்போர்ட்டர் இடம் வரை 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த முதல் துண்டுக்குப் பகுதி ஆ நிரப்பாமல் போக விதியில் இடம் உண்டு. தொலைவைச் சரிபார்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள். அதற்கு மேல் என்றால் டிரெய்லர் எண்ணோடுதான் கிளம்ப வேண்டும்.

ரயிலில் ஏறியதும் போக்குவரத்து முறையை ரயில் என்று மாற்றி, ரயில் ரசீது எண்ணையும் தேதியையும் போட வேண்டும். வாகன எண் கேட்கும் இடத்தில் கன்டெய்னர் எண்ணைப் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. டெல்லியில் இறங்கியதும் அந்த ஊர் டிரெய்லர் எண். இதைச் செய்யப்போவது நீங்களா, ஆபரேட்டரா என்று பெயர் குறித்து முடிவு செய்யுங்கள். "அவர்கள் போடுவார்கள்" என்று இரு பக்கமும் நினைத்திருந்த பெட்டிகள் டெல்லி கேட்டில் நிற்கும். காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்புவரைதான் நீட்டிக்க முடியும். பத்தாம் நாளுக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள்.

10. ரயில் கிளம்பிய பிறகு

தொடர்வதற்கு ஊர்களை வரிசையாகத் தெரிந்துகொண்டால் போதும்: கூடூர், விஜயவாடா, பல்ஹார்ஷா, நாக்பூர், இடார்சி, போபால், ஜான்சி, மதுரா. நாக்பூர் ஏறக்குறைய பாதி வழி. இந்தத் தடத்தில் பயணிகள் ரயில்களும் அதே பாதையில் ஓடுவதால் சரக்கு ரயில் ஓரமாக நிற்பது வழக்கம். ஒரே இடத்தில் சில மணி நேரம் நின்றால் கவலைப்பட வேண்டாம். ஒரு முழு நாள் நகரவில்லை என்றால் கேளுங்கள்.

ஜான்சி தாண்டியதும் டெல்லி டிரெய்லரையும் இறக்கும் ஆட்களையும் உறுதி செய்யுங்கள். ரயில் வந்த பிறகு வண்டி தேடினால் இலவச நாட்களில் பாதி அதிலேயே போய்விடும்.

11. டெல்லியில் இறக்குவது

சீலை வெட்டும் முன் அதன் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் படம் எடுக்க வாங்குபவரிடம் சொல்லிவையுங்கள். எண் மாறியிருந்தால் வெட்டக்கூடாது. டெர்மினல் ஆளையும் இன்சூரன்ஸ் சர்வேயரையும் வரவழைத்த பிறகுதான் கதவு.

சேதம் இருந்தால் டெலிவரித் தாளில் அங்கேயே எழுதுங்கள். "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் எழுதும் கடிதத்துக்கு எடை குறைவு. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 106-இன்படி இழப்பீட்டு நோட்டீஸ் சரக்கை ரயில்வேயிடம் அனுப்ப ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஆபரேட்டரின் ஒப்பந்தத்தில் தனிக் கெடு எழுதியிருக்கலாம் என்பதால் அதையும் படித்துவிடுங்கள்.

சரக்கு இறங்கியதும் வேலை முடிந்தது என்று வாங்குபவர் போய்விடுவார், காலிப் பெட்டி அவர் குடோன் வாசலில் டிடென்ஷன் ஏறிக்கொண்டு நிற்கும். பெட்டியைப் பெருக்கி, பட்டை, தாள், ஈரப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதே டிரெய்லரிலேயே திருப்புங்கள். திருப்பிய சீட்டில் தேதி, நேரம், பெட்டியின் நிலை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகே கடைசிப் பில்லை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதியில் வாங்கிய ஏழு துண்டுத் தொகையையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேட்-இன் தேதி, ரேக் கிளம்பிய தேதி, டெல்லி வந்த தேதி, காலிப் பெட்டி திரும்பிய தேதி நான்கையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பெட்டிக்கு ரேட் பேசப் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.